வரப்பில் நட்ட சவுக்குக் கம்புகள்

மரக்காணத்தில் சேறும் நண்டு வளையுமாகக் கிடந்த இடத்தை உப்புப் பாத்தியாக்கினது நான். லாரி உள்ளே வர்ற மாதிரி செம்மண் கொட்டிப் பாதை போட்டது நான். எங்கள் தெருவிலே முதன்முதலாகக் கண்ணாடிச் சன்னல் வைத்து மெத்தை வீடு கட்டினதும் நான்தான். படிப்பு மூன்றாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் உப்புக் கூடை தூக்கப் போய்விட்டேன். கூலிக்கு இறங்கின உப்பளத்திலேயே பின்னால் முதலாளியாக நின்றேன். எவனும் கை கொடுக்கவில்லை, காலை வாரிவிடப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

இதையெல்லாம் ஊரில் ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால். கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் சம்சாரமும் எங்கள் லாரியிலே முன்சீட்டில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் "அய்யோ" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஈர உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பிலே ஓடினவள் அவள். ஐந்து பிள்ளை பெற்றும் ஒரு நாள் படுக்காதவள்.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது.

"எலும்பு உள்ள உளுத்துப் போயிருக்குங்க. மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. இனிமே சின்ன அடி பட்டாலும் உடையும்" என்றார்.

"உப்பு தின்னுடுச்சுங்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அளத்து வேலைக்காரிக்கு முதுகு கூனினால் அப்படித்தான் சொல்வோம்.

"உப்புத் தண்ணியில நின்னா எலும்பு கரையாதுங்க. அப்படின்னா உங்களுக்கும் இல்ல கரைஞ்சிருக்கணும்?"

பிறகு வைத்தியத்தைச் சொன்னார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை கட்டாயம் சாப்பிட வேண்டும். கூடவே இன்னொரு மாத்திரை உண்டாம். விலக்கு நின்றதும் உடம்பில் குறைந்துபோகிற சத்தைத் திரும்பக் கொடுக்குமாம், எலும்பு கரைவதை மட்டுப்படுத்துமாம். ஆனால் அதனால் கர்ப்பப்பையில் கோளாறு வரலாம் என்று வெளிநாட்டிலே பேச்சு அடிபடுகிறதாம். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

என் சம்சாரத்தின் முகம் செத்துவிட்டது. அவள் கூடப்பிறந்த அக்கா கர்ப்பப்பைப் புற்றில்தான் போனாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டாக்டரம்மா, எலும்பு வேணுமா கர்ப்பப்பை வேணுமான்னு எங்களையே கேட்டா நாங்க எங்க போறது? உங்க அம்மாவா இருந்தா இன்னா பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்டேவிட்டேன். பக்கத்திலிருந்த நர்ஸ் என்னை முறைத்தது. முறைக்கட்டுமே! காசு கொடுக்கிறவன் கேட்கக் கூடாதா?

டாக்டரம்மா கோபப்படவில்லை. எக்ஸ்ரே படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, "எங்க அம்மாவுக்கு அப்படி ஒரு அக்கா இருந்திருந்தா, நான் அந்த மாத்திரையைக் குடுக்கத் தயங்குவேன்" என்றார்.

படுத்திருந்தபடியே என் சம்சாரம் சொன்னாள்: "எனக்கு அது வேணாம்மா. வேற இன்னா இருக்குது, சொல்லு. பிரண்டை துவையல் தின்னா எலும்பு சேரும்னு சொல்றாங்களே?"

"தின்னுங்க, தப்பில்ல. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோட நெத்திலி எல்லாம் தின்னுங்க. ஆனா அதை நம்பி சுண்ணாம்பு மாத்திரையை விட்டுடக் கூடாது. ரெண்டும் சேர்ந்தாலும் பழைய எலும்பு திரும்ப வந்துடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வலி அடங்கினதும் எழுந்து வெயில்ல நடக்கணும். குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாது. முதுகை யாரும் அழுத்தவே கூடாது."

ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எழுத்து எனக்குக் கஷ்டம், காது கூர்மை.

வீட்டுக்கு வந்தால் என் மாமியார் வேறு சட்டம் போட்டுவிட்டார். உப்புக் காற்றுதான் மகளின் எலும்பைத் தின்றதாம். நான் அளத்துக்குப் போகிற நேரம் பார்த்துச் சன்னலை எல்லாம் அடைத்து, கண்ணாடி மேலே போர்வை மாட்டி, இடுக்கில் பழந்துணி திணித்து, உப்பில்லாத கஞ்சியை ஊற்றிப் படுக்க வைத்துவிட்டார். வலி அடங்கின பிறகும் எழுந்திருக்க விடவில்லை. மழைக்காலம் வேறு, அளத்தில் உடைந்த கரைகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனுஷி நாளுக்கு நாள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே போனாள்.

மழை விட்ட ஒரு காலையில் வீட்டுக்குள் நுழைந்தால், எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருத்தர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கை கால் உடைந்தால் மூங்கில் பத்தை வைத்து நன்றாகக் கட்டுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு என் சம்சாரத்தைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை முதுகில் ஊன்றப் போனார். "ஒரே அமுக்கு, கூன் நிமிந்துடும்" என்கிறார்.

பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். எண்ணெய் முழுக்க என் வேட்டியில் கொட்டியது.

"இன்னாயா பண்றே? பரம்பரை வைத்தியன் மேல கை வைக்கிறியா?" என்று அவர் எகிறினார்.

"பரம்பரையா கை கால் கட்டினே, கட்டு. முதுகுல முட்டி வச்சே, உன் முட்டிக்குக் கட்டுப் போட வேற வைத்தியனைத் தேடணும்."

"படிக்காத முண்டம்!" என்றார் போகும்போது. "ஆமா, படிக்கலை! காது கேக்குது எனக்கு!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

மாமியார் அழ ஆரம்பித்தார். "மாப்பிளே, எம் பொண்ணைக் கொல்லப் பாக்கறீங்களா? சன்னலை மட்டும் திறக்காதீங்க."

"இந்தச் சன்னலை வச்சது நான் அத்தை. நானே திறக்கிறேன்." துணியைப் பிடுங்கி எறிந்து கதவைத் தள்ளினேன். வெயில் கட்டில் மேலே விழுந்தது. என் சம்சாரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏன்யா, இத்தனை நாளா அளத்துல தூங்கிக்கினு இருந்தியா? நாத்தம் தாங்கலை."

எழுந்தாள். நின்றாள். ஆனால் பயம். கீழே விழுந்தால் இன்னொன்று உடையும் என்று டாக்டரம்மா சொன்னது மனசில் உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷத்து முதல் உப்பை வாருவதற்குள் நடந்தாக வேண்டும் என்ற தவிப்பு ஒரு பக்கம். எங்கள் அளத்தில் மாசியில் முதல் உப்பை அவள் கைதான் இழுக்கும். நாங்கள் கூலியாக இருந்து சொந்தமாக முதல் பாத்தி எடுத்த நாளிலிருந்து அப்படி. "இந்த வருஷம் உன் தங்கச்சியை இழுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாளே சவுக்குக் கம்பு வாங்கி வந்து, பாதையிலிருந்து எங்கள் பாத்தி வரைக்கும் வரப்பு நெடுக நட்டேன். கயிறு இழுத்துக் கட்டினேன். பிடித்துக்கொண்டு நடக்க. கால் வழுக்காமல் இருக்க மணல் கொட்டினேன். பக்கத்து அளத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்பா, பொண்டாட்டிக்கு ரயில் பாலம் கட்றியா?"

"ஆமாண்டா. உன் பொண்டாட்டிக்கும் டிக்கெட் தரேன், அனுப்பு."

காலை வெயிலில் தினம் நடந்தாள். முதலில் நாலு கம்பு தூரம் போய்த் திரும்பினாள், போகப் போகப் பாத்தி வரைக்கும். பின்னால் நான் வந்தால் திட்டுவாள். அதனால் தூரத்தில் நின்று பாத்தியைப் பார்ப்பது மாதிரி நடிப்பேன். மாத்திரையும் விடவில்லை, நெத்திலியும் விடவில்லை. பிரண்டைத் துவையல் மட்டும் நாக்கு அரிக்கிறது என்று என் தட்டில் தள்ளிவிடுவாள்.

உப்பு வாருகிற பலகைக்குக் குட்டைக் காம்புதான் வழக்கம், குனிந்து இழுக்க வேண்டும். நான் அவளுக்கென்று நெட்டைக் காம்பு போட்டேன், நிமிர்ந்து நின்றே இழுக்கிற மாதிரி. மாசியில் முதல் உப்பு அவள்தான் இழுத்தாள். ஒரு இழுப்பு. போதும். எல்லாரும் குலவை போட்டார்கள். மாமியாரும்தான்.

பொய் சொல்ல மாட்டேன், கூன் கொஞ்சம் தங்கிவிட்டது. ஆள் உயரமும் குறைந்துதான் இருக்கிறாள். ஆனால் இன்றைக்கும் நடக்கிறாள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்து அளத்து வயசான பொம்பளைகளும் நடக்கிறார்கள். கிண்டல் பண்ணினவன் பொண்டாட்டியும் அதிலே ஒருத்தி, டிக்கெட் கேட்கவில்லை நான்.

இப்போது கேட்டால், மாமியார் தன் வேண்டுதல் பலித்தது என்கிறார். கட்டுப் போடுகிறவர் தன் எண்ணெய் பட்டதாலேதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த எண்ணெய் பட்டது என் வேட்டியில்! டாக்டரம்மா, மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டதற்கு அவளைப் பாராட்டினார், நியாயம்தான். என் சம்சாரமோ, "எல்லாம் நெத்திலி" என்கிறாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

எல்லாருக்கும் பங்கு உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கம்புகளுக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். ஆனால் பாத்தியை நான் வெட்டாவிட்டால் வேறொருத்தன் வெட்டியிருப்பான், பாதையை வேறொருத்தன் போட்டிருப்பான். அந்தக் கம்புகளை மட்டும் இந்த ஊரில் வேறு எவனும் நட்டிருக்க மாட்டான். ஆகவே அவள் நடந்த கதையை யார் சொன்னாலும், கம்பு நட்டது இன்னார் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.