புகைக்காரி கெரின்

கெரின் வோஸ்பரை எங்கள் கொதிகலன் கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகைக்காரி என்போம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எங்கள் வாரில்பா இறைச்சி ஆலையில் பதினொரு வருடம் மாடு உரித்தவள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, படித்துத் தேறி, ஆலை எரிக்கும் நிலக்கரியையும் புகைபோக்கி கக்கும் கரியமில வாயுவையும் அளக்கும் வேலைக்கு வந்தாள். ஐம்பது வயதிலும் அளவுக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு புகைபோக்கியின் உச்சிவரை ஏறுவாள்.

நான் அங்கே அடுப்புக்குக் கரி தள்ளுகிறவன். பெயர் சியோனே. எனக்கு மேஸ்திரி டார்சி மல்லேன்.

அந்த மார்ச் மாதம் கணக்கு இடித்தது. தராசு காட்டிய நிலக்கரி முழுவதும் எரிந்தாலும் புகைபோக்கியில் அவ்வளவு வாயு வர வழியில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கெரின் மூன்று தடவை ஏறி அளந்தாள். நான்காம் நாள் மதியம், கரி கொண்டுவரும் பெல்ட்டுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தாள். அங்கேதான் தராசு இருந்தது. அது முழுசாக இறங்காதபடி ஒரு மர ஆப்பு செருகியிருந்தது.

"டார்சி, இது உன் வேலையா?"

"உள்ளதை எழுதினா, புகை வரம்பைத் தாண்டிட்டோம்னு அரசாங்கம் இந்தக் கொதிகலனையே மூடிடும். எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும். ஆப்பை இருந்த இடத்துலயே விட்டுட்டுப் போ."

"நான் மேல ஏறி அளந்ததை மாத்தி எழுத மாட்டேன்."

"மாடு உரிச்சவளுக்கு என்னடி விஞ்ஞானம்?"

"உரிச்சவளுக்குத்தான்டா எது தோலு, எது கறின்னு தெரியும்."

டார்சி சாம்பல் வாரும் இரும்புக் கோலை வீசினான். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் வலது முன்கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவளின் நெஞ்சில் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினான்.

"சியோனே, கதவைச் சாத்து!"

சாத்தினேன்.

அவள் அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். அவன் அலறிக் குனிந்ததும் இடது கையால் தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். தடுமாறியவன் பெல்ட்டின் மேல் சாய்ந்தான். சட்டைக் கை உருளையில் சிக்கியது. அடுத்த நொடி முழங்கைவரை உள்ளே போய்விட்டது. ரத்தம் கரியின் மேல் பீறிட்டது. நான் மண்வெட்டியைப் பிடித்தபடி மரமாக நின்றேன். உடைந்த கை தொங்க, எழுந்து ஓடி அவசரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியவள் கெரின்தான். பெல்ட் நின்றது.

டார்சி பிழைத்தான், கை போயிற்று. நீதிமன்றம் அவனுக்கு மூன்று வருடம் சிறை கொடுத்தது. கதவைச் சாத்தியதை நானே சாட்சிக் கூண்டில் சொன்னேன்.

கெரின் கட்டுப்போட்ட கையோடு உள்ள அளவை அப்படியே எழுதி அனுப்பினாள். ஆகஸ்டில் எங்கள் கொதிகலனை மூடினார்கள். எட்டுப் பேருக்கும் வேலை போயிற்று. யாரோ அவள் காரைக் கொளுத்தினார்கள்.

ஒருநாள் கடையில் பால் எடுக்கும்போது எதிரே வந்தாள்.

"கதவைச் சாத்தினப்ப என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல. அவன் சொன்னான், செஞ்சேன்."

என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் அளக்கிறாளாம். வலது கை முழுசாக நீளாதாம். இன்னும் ஏறுகிறாளாம்.