இரண்டு மாப்பிள்ளைகளும் ஹாமர்ஸ்மித் பாலமும்

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வருபவன் பெண்ணின் சகோதரன். தோழன் என்பார்கள். என் தங்கைக்கு இரண்டு முறை நான் தோழனாக இருந்தேன். இரண்டு மாப்பிள்ளைகளும் தேம்ஸின் தென்கரையில்தான் வாய்த்தார்கள், மண்டபம் வடகரையில்.

முதல் கலியாணம், ஹாமர்ஸ்மித் தொங்குபாலத்தை வாகனங்களுக்கு மூடிய வாரம். நான் கட்டுமான எஞ்சினியர். சங்கிலிகளைப் பிடித்திருக்கும் வார்ப்பிரும்புப் பீடங்களில் வெடிப்பு என்று கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். பிறகு பழக்கதோஷத்தில் மாப்பிள்ளையோடு காரை நேரே அந்தப் பாலத்துக்கே விட்டேன். சுற்றி வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது. இரண்டு வருடத்தில் அந்தக் கலியாணமும் முறிந்தது. அம்மா காரணத்தைத் தேடவில்லை. காரணம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் அதை நம்பினேன்; தங்கையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முறை சனிக்கிழமை. பத்தரை வரை இராகுகாலம். அதற்கு முன் மாப்பிள்ளை படி இறங்கக்கூடாது. பதினொன்றேகாலுக்கு முகூர்த்தம் முடிந்துவிடும். பாலத்தில் இன்னும் நடக்க மட்டும்தான் விட்டார்கள்; காரில் சுற்றிப் போனால் சரிவராது. ஆகவே பாலத்தின் இந்தக் கரையில் ஒரு கார், அந்தக் கரையில் ஒரு கார், நடுவில் நடை. தலைப்பாகையை ஒரு கையால் பிடித்தபடி மாப்பிள்ளை பட்டுவேட்டியில் நடந்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்து வாழ்த்தினார்கள், அல்லது விலகச் சொன்னார்கள்.

பாதியில் அவர் நின்றுவிட்டார்.

“அண்ணை, இதில வெடிப்பு எங்கை?”

எங்கள் குடும்பத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் கேட்ட முதல் கேள்வி. அதற்கா இந்த நேரம்?

“நடவுங்கோ தம்பி, நடந்துகொண்டே சொல்லுறன்.”

இங்கே முதலில் நின்றது வேறொரு தொங்குபாலம். படகுப் போட்டி பார்க்க அதில் ஏறிய கூட்டத்தைக் கண்டு, இது தாங்காது என்று பயந்துபோனார்கள். அந்தப் பாலத்தைக் கழற்றிவிட்டுப் பழைய அத்திவாரத்தின் மேலேயே இதைக் கட்டினார்கள். மூச்சிரைக்க இவ்வளவும் சொல்லி, மூலையிலுள்ள பீடத்தைக் காட்டி முடிக்க, அடுத்த கார் நின்ற கரை வந்துவிட்டது.

நான்கு நிமிடம் மிச்சமிருக்கத் தாலி ஏறியது. அம்மா அழுதார். அறுகரிசி இட்டு வாழ்த்தக் குனிந்தபோது தங்கையிடம் மெதுவாகச் சொன்னேன்: “அண்டைக்கும் இப்பிடி நேரத்துக்கு வந்திருக்கவேணும். மன்னிச்சுக்கொள்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கென்ன விசரே அண்ணை? அண்டைக்கு நீங்கள் இன்னும் பிந்தியிருக்கலாம்.”