படி ஏறத் தெரியாத ஓட்டக்காரி

சனிக்கிழமை காலை 8.10க்கு மொன்றியலின் சென்ட் லோரன்டில் இருந்து வேன் கிளம்பியது. மார்ச் மாதம், வெளியே மைனஸ் ஆறு. ஓட்டுகிறவர் யோகன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டில்தான் இரண்டு வாரத்துக்கு அறை எடுத்திருக்கிறேன். வார நாட்களில் மருந்துக் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுகிறார். சனிக்கிழமைகளில் கூலி வாங்காமல் நாய் ஏற்றுகிறார். மொன்றியலில் பார்க்க எவ்வளவோ இருக்க, நாய் ஏற்றிவரப் புறப்பட்ட என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

9.15. தெற்கே அறுபத்தைந்து கிலோமீட்டரில் லக்கோல், அமெரிக்க எல்லை. சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம். காப்பி இரண்டே கால் டாலர், கழுநீர் தேவலாம். அமெரிக்கப் பந்தயத் திடல் ஒன்றில் கழித்துவிட்ட கிரேஹவுண்ட் நாயை ஒரு பெண் எங்களிடம் ஒப்படைத்தார். சாம்பல் நிறப் பெட்டை. காதுகளுக்குள் பச்சை குத்திய எண்கள். வலது பின்னங்கால் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. முன்பற்கள் தேய்ந்து வெறும் முளைகளாக நின்றன.

"பல்லுக்கு என்ன ஆச்சுண்ணே?"

"கூட்டுக் கம்பியைக் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சது. ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் கூட்டுக்குள்ளைதான், தம்பி. வளைவிலை விழுந்து கால் முறிஞ்சிட்டுது. பேந்து ஆருக்கு வேணும்?"

நகரம் வரும்வரை அந்த நாய் உட்காரவே இல்லை. நின்றபடியே நடுங்கியது.

11.05. மொன்றியலின் வில்லரே பகுதி. நாயை வளர்க்க முன்வந்த சாந்தினி அக்கா தெருவில் காத்து நின்றார். கோட்-டெ-நெய்ஜ் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளை எழுப்பி நடக்கவைக்கும் வேலை அவருக்கு. வீடு மாடியில். இந்த ஊர் வழக்கப்படி இரும்புப் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே வளைந்து போகிறது. பத்தொன்பது படி, படிக்கும் படிக்கும் இடையில் வெறும் சந்து. படி என்ற ஒன்றையே அந்த நாய் பார்த்ததில்லை.

"ஏற ஏலாட்டில் நான் திருப்பிக் கொண்டுபோக வேணும், பிள்ளை," என்றார் யோகன் அண்ணை. "அங்கை திரும்பவும் கூடுதான்."

சாந்தினி அக்கா கழுத்துவாரை வாங்கிக்கொண்டார்.

நாயை ஐந்து படிகள் தூக்கித் தூக்கி வைத்தோம். ஆறாவதில் விறைத்து நின்றுவிட்டது. பத்து நிமிடம் அசையவில்லை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கீழே இறங்கி நின்று பலமாகக் கை தட்டினேன். "ஹேய்! ஓடு, ஓடு!"

ஓடியது. முறிந்த கால் சந்துக்குள் இறங்க, உடம்பு கைப்பிடிக்கு வெளியே சாய்ந்தது. நாயா மனுஷியா என்று தெரியாத ஓர் அலறல். கீழே கெட்டிப்பட்ட பனி. சாந்தினி அக்கா பாய்ந்து இடுப்போடு கட்டிப்பிடித்தார்.

"தட்டாதேங்கோ! தட்டினால் அது ஓடத்தானே செய்யும்!"

நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். சாந்தினி அக்கா அதன் காலை மெல்ல வெளியே எடுத்தார். தோல் உரிந்து ரத்தம் வந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாய்க்குப் பின்னால் முழந்தாளிட்டார்.

"ஏறேக்கை நல்ல கால் முதல், அம்மா. பேந்து நோகிற கால். அவசரமில்லை."

இடுப்பெலும்பு முறிந்த நோயாளிகளுக்கு அவர் நாள் முழுக்கச் சொல்லுவது இதுதானாம். ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்தார். பதினான்காவது படியில் அந்த நாய் தன் இடது பின்னங்காலைத் தானே தூக்கி வைத்தது.

"பாத்தியளே, அண்ணை!"

"ஓம், ஓம். கண்டனான்," என்றார் யோகன் அண்ணை.

12.20. மாடியில் தேநீர். நாய் கம்பளத்தில் படுத்திருந்தது. சாந்தினி அக்கா காலுக்குக் கட்டுப் போட்டபடி, என்னை நிமிர்ந்து பாராமலே கேட்டார்.

"அப்பிடித் தட்ட எங்கை பழகினனீங்கள்?"

சொன்னேன். எங்கள் விருதுநகர்ப் பக்கம் பொங்கலுக்கு நாய்ப் பந்தயம் வைப்பார்கள். வேலியோரம் நின்று கை தட்டி, தொண்டை கட்டக் கத்துவேன். ஜெயித்த நாய்க்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவோம்.

"தோத்த நாய்?"

இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கலாம். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். போகுமுன் கம்பளத்தில் கிடந்த நாயின் தலையைத் தடவலாம் என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். என் கைகளைக் கண்டதும், கட்டுப் போட்ட காலையும் ஊன்றி, ஓடுவதற்கு எழுந்து நின்றது.