கட்டு போடாத இடம்

சட்டையின் மேல் பொத்தான்களைப் போடாமல், இடப்பக்கத் துணியை மட்டும் இரண்டு விரலால் மார்பை விட்டுத் தூக்கிப் பிடித்தபடிதான் கஜபதி தெருவில் இறங்குவார். ஐம்பது வயசு, முன்மண்டை வழுக்கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற வேலை. இந்த அழகில் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு போனால் ஊர் சும்மா விடுமா? 'மைனர்' என்று பெயர் வைத்துவிட்டது. வைத்தவன் பக்கத்து லேத்துக்காரன் நஜீர். அவன் வாய்க்கு இன்னும் யாரும் பூட்டு செய்யவில்லை.

மைனர்தனம் ஒன்றுமில்லை, பாவம். சில வருஷங்களுக்கு முன் இடது மார்பிலிருந்து முதுகு வரை அவருக்கு அக்கி வந்தது. மேனாம்பேட்டில் குயவர் வீட்டு அம்மாள் காவி குழைத்து அக்கி எழுதினாள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது. நரம்பில் உட்கார்ந்துகொண்டதாம், டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அந்த இடத்தில் துணி உரசினால் பச்சை மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி காந்தும். வேடிக்கை என்னவென்றால், அழுத்திப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டும் படாமல் தொட்டால்தான் உயிர் போகும். மனைவி வசந்தகுமாரி இருந்தவரை உள்ளங்கையை அங்கே அழுத்தி வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பாள். அவள் போன பிறகு அந்த வேலையை அவருடைய வலது கை பார்த்துக்கொண்டது.

ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். கம்பெனியில் சட்டையைக் கழற்றியே காட்டினார். "இன்னா அண்ணாத்தே, ஒண்ணுமே காணோம்! மொழுமொழுன்னு கீது!" என்று நஜீர் சிரிக்க, கூட நின்றவர்களும் சிரித்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். மைனர் என்றால் மைனர், போங்கள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். இவருக்குக் கையில் பட்டது. தொண்ணூற்றொன்று சித்திரையில், ஷிப்டு முடிந்து வரும்போது, ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டிவிட எல்லோரும் முண்டியடித்ததில் எவனுடைய சைக்கிளோ இடித்து, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. புத்தூர் கட்டு போடுகிறவரிடம் கூட்டிப் போனார்கள். முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கி, கழுத்திலிருந்து தூளி மாட்டிவிட்டு, "கைய நெஞ்சோட வெச்சிக்கோ நைனா. தொங்க வுட்டா எலும்பு கோணிக்கும்" என்றார் கட்டுக்காரர். நெஞ்சோடு! தூளித் துணி சரியாக அந்த இடத்தில்தான் வந்து உரசியது. இத்தனை நாள் காவல் காத்த கையே இப்போது குத்துகிறது.

வீட்டில் தூளியைக் கழற்றிவிடுவார். மேஜையில் தலையணைகளை அடுக்கி, கட்டுப் போட்ட கையை அதன்மேல் கிடத்தி, வெற்று மார்போடு ஆடாமல் உட்கார்ந்திருப்பார். கத்திரி வெயில் கொளுத்துகிறது, பேன் போடமாட்டார். காற்றும் ஒரு துணி மாதிரிதான் அவருக்கு.

வசந்தகுமாரியின் காரியம் முடிந்த பிறகு அந்த வாசற்படியை மிதித்தவர்கள் இல்லை. இப்போது கட்டைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஹார்லிக்ஸ், ரொட்டி, சாத்துக்குடி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் அவசரமாகச் சட்டையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொள்வார். வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் காரியம், "ஐயய்யே, இப்டி வேர்த்துகினு குந்திகினு கீறியே!" என்று பேனைத் தட்டிவிடுவது. எதிர்வீட்டு சுசீலா, கரண்ட் போன நேரத்தில் விசிறியே எடுத்துக்கொண்டாள். பிரியமாக, விடாமல் விசிறினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும்மா, கைய்யி வலிக்கப் போவுது உனுக்கு" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம்? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் சிரிப்பார்கள். அப்புறம் வரமாட்டார்கள். எரிச்சலையாவது தாங்கலாம், அந்த வெறும் வீட்டை மறுபடி அவரால் தாங்க முடியாது. முறிந்த கை எப்போதோ அடங்கிவிட்டது. ஆனாலும் யார் கேட்டாலும், "ஆமா, கையிதான் குத்துது" என்று சொல்லிவைத்தார்.

கட்டுப் பிரிக்கிற நாள் நெருங்க நெருங்க ஆட்கள் வருவதும் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஜீர் வந்தான். பேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புது சூப்பர்வைசர் கிரீஸில் வழுக்கி விழுந்த கதையை ஆரம்பித்தான். கஜபதி சிரித்துக்கொண்டே கேட்டார். சட்டை ஓரம் காற்றில் படபடத்தது. அது மார்பில் படும்போதெல்லாம் தோள் வெட்டி வெட்டி இழுத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சிரிப்பை மட்டும் அவர் விடவில்லை.

நஜீர் பாதிக் கதையில் நிறுத்தினான். "கையி வலிக்குதா அண்ணாத்தே?"

"கையி இல்ல, நைனா."

நஜீர் கட்டைப் பார்த்தான். அது தலையணை மேல் சும்மா கிடந்தது. படபடக்கிற சட்டை ஓரத்தைப் பார்த்தான். அண்ணாந்து பேனைப் பார்த்தான். முகம் சுண்டிப்போக, சட்டென்று எழுந்தான்.

கஜபதிக்குப் பகீரென்றது. "கெளம்பிட்டியா? இன்னும் கொஞ்ச நேரம் குந்துப்பா."

நஜீர் போய் சுவிட்சை அணைத்தான். பேன் மெல்ல மெல்ல நின்றது. சட்டை ஓரம் அடங்கித் தொங்கியது. அவன் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்பால இன்னா ஆச்சு கேளு" என்றபடி கர்ச்சீப்பை எடுத்து உதறி, வேர்வை வழியத் தொடங்கிவிட்ட கழுத்தைச் சுற்றிக் காலருக்குள் செருகிக்கொண்டான்.