அம்மா சொல்லாத பெயர்

என் பெயர் பள்ளிகொண்டான். படுத்துக் கண்மூடியிருப்பவன் என்று பொருள். பள்ளிகொண்டா ஊர்க் கோயிலில் பாம்பின்மேல் கிடக்கிறாரே ரங்கநாதர், அவருடைய பெயர். அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு வைத்திருந்தார்கள், அவர் போன பிறகு பிறந்த எனக்கும் அதுவே வந்து சேர்ந்தது. படித்த இடத்திலும் சரி, வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியிலும் சரி, இன்னொரு பள்ளிகொண்டானை நான் பார்த்ததே இல்லை. "தோஸ்த், மெஷின் மேலயே படுத்துடப்போறே" என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வேலூர் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் போகும்போது கண்டக்டர் "பள்ளிகொண்டா, பள்ளிகொண்டா" என்று கூவினால், யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்று எழுந்து உட்காருவேன். அப்புறம்தான் ஊர் ஞாபகம் வரும்.

அம்மா மட்டும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நான் அவளுக்கு எப்போதும் 'தம்பி'தான். ஒரே ஒரு தடவை அவள் வாயால் என் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கெஞ்சியிருக்கிறேன், சண்டைகூடப் போட்டிருக்கிறேன். "போடா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

போன வருடம் அம்மாவுக்குத் தலையில் கட்டி. வேலூரில் ஆபரேஷன். நினைவு பிசகினாலும் பிசகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் காலை, வெயில் திரைச்சீலைக்குள் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தபோது, அம்மா கண்ணைப் பாதி திறந்தாள். நர்ஸ் என்னைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்றார்.

"எம் புள்ள."

"பேரு இன்னா?"

"பள்ளிகொண்டான்" என்றாள் அம்மா. தயங்கவே இல்லை.

நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். இத்தனை வருடம் நான் ஏங்கியது கிடைத்துவிட்டது. கேட்க இனிமையாகவும் இருந்தது. ஆனால் என் அம்மா அதைச் சொல்லமாட்டாள். சொன்னது வேறு யாரோ. சரியான பதிலைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் என்று நர்ஸிடம் சொன்னால் என்னையும் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிடுவார்கள்.

பகலெல்லாம் அம்மா தூங்கினாள். நான் அவள் தூக்கத்துக்குள்ளேயே எங்கோ உட்கார்ந்திருந்தேன். மூச்சு சத்தமும் ஃபேன் சத்தமும் ஒன்றாகிவிட்டன. அவள் திரும்பி வருவாளா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சாயங்காலம் வேறொரு நர்ஸ் வந்தார். அதே கேள்வி. "உங்க பையன் பேரு இன்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது எங்க மாமனார் பேரும்மா. நான் எப்டி சொல்லுவேன்? அவனையே கேளு."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். அழுகை முட்டியதில் என் பெயர் எனக்கே வாயில் வரவில்லை.