விசிலுக்கு மார்க் கிடையாது

சீருடையில் வந்து நின்ற போலீஸ் ஏட்டிடம், "உங்கள் மகள் பஸ்ஸில் விசில் அடிக்கிறாள், அதுதான் அவளுடைய முன்னேற்றம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்ன வாத்தியார் தென்காசி வட்டாரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அடியேன்தான். அதிலும் கணக்கு வாத்தியார்.

அந்த வருஷம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பரீட்சைத் தாளில் தெரியாத வளர்ச்சியை எல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம். "முன்பு தூங்கும்போது குறட்டை விடுவான், இப்போது யாருக்கும் இடைஞ்சல் இல்லை" என்று ஒருவனை மனசாரப் பாராட்டியிருந்தேன். அவன் தூங்குவது என் வகுப்பில்தான் என்பது எழுதும்போது உறைக்கவில்லை.

ஏட்டையா மகளுடைய பக்கம்தான் எனக்குப் பெருமை. ஜூன் மாதம் அவளுக்கு வாயே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு இலஞ்சியில் இறங்க வேண்டியவள். சீசன் ஆட்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஏறி வாசலை அடைத்துக்கொள்வார்கள். 'வழி விடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டுச் செங்கோட்டை வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி.

செப்டம்பரில் அந்த பஸ் கண்டக்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"சார், ஒங்க பிள்ள ரெண்டு விரல வாயில வச்சு ஒரு விசில் அடிக்கா. டிரைவரு நானுன்னு நெனச்சு பிரேக்க போட்டுருதாரு. யாரு எறங்கணும்னாலும் இவதான் அடிக்கா. எறங்குன பொறவு ரோட்டுல நின்னுக்கிட்டே ரெண்டு விசில் குடுத்து வண்டிய எடுக்க வேற வச்சிருதா. அப்பொறம் எனக்கு அங்கன என்ன சார் வேல?"

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். புகார் சொல்ல வந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அத்தனையையும் நோட்டில் ஏற்றினேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஏட்டையா வந்தார். கையில் டி.சி. கேட்டு மனு. கணக்கில் முப்பத்து நாலாக இருந்தது முப்பத்தொன்றாகிவிட்டதாம். வெளியூர் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோட்டைக் காட்டினேன். "இதுக்கெல்லாம் சாட்சி இருக்கா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரைப் பாதி டம்ளரோடு இழுத்து வந்தேன். ஏட்டையா பேனாவைத் திறந்தார்.

"விசில் அடிச்சத நேர்ல பாத்தீரா, யாரும் சொல்லிக் கேட்டீரா?"

காக்கியைக் கண்டதும் கண்டக்டர் அப்படியே கட்சி மாறினார். "கேஸெல்லாம் வேண்டாம் ஏட்டையா. தங்கமான பிள்ள. என்னவிட நல்லா அடிக்கும்."

"பாத்தேளா, தைரியம்!" என்றேன் நான்.

ஏட்டையா என்னைப் பார்த்த பார்வையில், டி.சி. அவளுக்கா எனக்கா என்று சந்தேகம் வந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நெசமா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"கைப்பிள்ளையோட ஒரு அக்கா எறங்க முடியாம அழுதாங்க. சத்தம் போட்டா யாருக்கும் கேக்கல. அதான் அடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். தலை நிமிர்ந்தது. "நான் ஹாஸ்டலுக்குப் போகலப்பா. இங்கனதான் படிப்பேன்."

அவள் அப்பாவிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று அவர் முகமே சொன்னது. பேனாவை மூடினார். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்போ என் நோட்டுதான் ஜெயிச்சிருக்கு, என்ன ஏட்டையா?" என்றேன்.

"நீரு மொதல்ல கணக்கு சொல்லிக் குடும், சார்வாள்."