ஒடியாத தண்டுகள்

முனீருக்கு லாரி என்றால் உயிர் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் சொல்வார்கள். தப்பு. அவனுக்கு உயிர் லதீஃபா. லாரியைக் கட்டியதே அவளுக்காகத்தான்.

சுக்குக் கிடங்குக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கீழே சுக்கும் மிளகும் புடைப்பார்கள். தூசி பலகை இடுக்கு வழியாக மேலேறி வரும். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே லதீஃபாவுக்கு இழுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். இந்தத் தூசியை விட்டுப் போங்கள் என்றார் டாக்டர். எங்கே போவது என்று சொல்லவில்லை. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போக ஓர் இடம் 1957இல் தெரிந்தது. வெலிங்டன் தீவில் ஆபீஸ் வைத்திருந்த மரக் கான்டிராக்டர் அனந்தநாராயணன், அடிமாலிக்கு மேலே காட்டில் மரம் வெட்டக் குத்தகை எடுத்திருந்தார். அந்தக் காட்டுச் சேற்றில் சாதாரண லாரி ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு லோடு மரத்தடியைக் கொச்சியில் இறக்கிக் காட்டினால், வருஷம் முழுக்க வேலையும் மலையில் ஓர் ஓட்டு வீடும் தருவதாகச் சொன்னார்.

முனீர் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட லாரி ஒன்று ஒர்க்‌ஷாப் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்துக்கோ, இடமாவது காலியாகும் என்றார் முதலாளி. மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினான். என்ஜினிலிருந்து சக்கரம் வரைக்கும் சக்தி போகிற வழியை அறைச் சுவரில் சாக்பீஸால் வரைந்தான்: கியர் பாக்ஸ், அதற்குப் பின்னால் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துவிடும் இரும்புப் பெட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போகும் தண்டுகள், தண்டு முனைகளில் கிராஸ் ஜாயின்ட். எங்கெல்லாம் மெலிவோ அங்கெல்லாம் சுழித்துவைத்தான். லதீஃபா அத்தனை பெயரையும் தலைகீழாகச் சொல்லுவாள்.

மெலிந்த தண்டுகளையும் ஜாயின்ட்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு மடங்கு கனத்தில் புதிதாகக் கடைந்து போட்டான். லேத் பிடித்த பிச்சைமணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"பாய், எல்லாத்தையும் இப்பிடித் தடியாக் கட்டினா, ஒடியணும்னு வந்தா எது ஒடியும்?"

"ஒண்ணும் ஒடியப்பிடாது. அதுக்குத்தானே மூணு வருஷமா கெடந்து சாவுறேன்."

பழைய மெலிந்த ஜாயின்ட்டை லதீஃபாவிடம் காட்டிவிட்டு, படகுத்துறையில் நின்று காயலில் வீசினான். அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

1960 ஆடியில் தடி ஏற்றினார்கள். முழங்கால் சேற்றில் வண்டி யானை மாதிரி வந்தது. மரம் வெட்டும் கூப்பு ஆட்கள் ஆர்ப்பரித்தார்கள். முனீர் அழுதுவிட்டான்.

மலையிறங்கித் தார் ரோடு வந்தது. அங்கே முன்னச்சை விடுவித்துவிட வேண்டும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு சுற்றாது, நடுவில் முறுக்கு விழும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கு கழிந்துவிடும். தாரில் வழுக்காது, முறுக்கு தண்டில் ஏறிக்கொண்டே போகும். இது அவனுக்குத் தெரியாததல்ல. லிவரை இழுத்தான். முறுக்கில் இறுகிப்போய் அசையவில்லை. கொஞ்சம் பின்னால் எடுத்தால் விடும். ஆனால் பின்னால் ஏற்றம், மேலே டன் கணக்கில் தடி. போகட்டும், நான் போட்ட இரும்பு தாங்கும் என்று ஓட்டினான். பாவி மனுஷன், தன் கைவேலையை அவ்வளவு நம்பினான்.

தாங்கத்தான் செய்தது. தண்டு தாங்கியது, ஜாயின்ட் தாங்கியது. நேரியமங்கலம் பாலம் தாண்டி வெடிச்சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. நடுவிலிருந்த இரும்புப் பெட்டி இரண்டாகப் பிளந்து, எண்ணெய் ரோட்டில் ஓடியது. தண்டுகளுக்கு நடுவே அவன் மாற்றாத சாமான் அது ஒன்றுதான். கடைந்து செய்ய முடியாத வார்ப்பு. கோயம்புத்தூர், மெட்ராஸ் எல்லாம் தேடினான், கிடைக்கவில்லை. வெல்டிங் வைத்தான், ஒரு பர்லாங்கு கூட நிற்கவில்லை. தடியை யானை கட்டி இழுத்துப் போனார்கள். அனந்தநாராயணன் திட்டவில்லை. வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அந்த ஓட்டு வீட்டில் வேறொரு டிரைவர் குடிபோனான்.

முனீர் சுவரை அழிக்க ஈரத்துணி எடுத்தான்.

"ஏங்க, அந்தப் பழைய ஜாயின்ட்டு வண்டியிலயே இருந்திருந்தா?" என்று கேட்டாள் லதீஃபா.

அவன் திரும்பவில்லை. "அது மொதல்ல ஒடிஞ்சிருக்கும். பெட்டி பொழச்சிருக்கும். அர மணிக்கூர்ல வேற ஒண்ணு மாத்தியிருப்பேன்."

"காயல்ல எறியிறப்ப நானும் சிரிச்சேனே," என்றாள். மேலே பேச மூச்சு வரவில்லை.

அவன் துணியைப் போட்டுவிட்டு அவள் முதுகைத் தடவ உட்கார்ந்தான். பாதி அழிந்த படம் சுவரிலேயே இருந்தது. அதன்மேல் சுக்குத் தூசி படிந்துகொண்டே வந்தது. லதீஃபா இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கினாள், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் பின்புறம் கிடந்த தண்டுகளில் ஒரு கீறல் கூட விழவில்லை.